மே மாதத்தில் ஒரு வாரம்: வீட்டில் படிக்கும் ஏழு பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில், நகரத்தார் வீடு ஒன்றின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பதால், முகப்பையும், வளவு என்னும் உள்முற்றத்தையும் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. நானும் என் கணவரும், பிள்ளைகளுக்கு அப்பத்தாவான என் மாமியாரும், ஏழு பிள்ளைகளும் ஆகப் பத்துப் பேர். மூத்தவளுக்கு வயது 17. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். பிள்ளைகளில் எவரும் பள்ளிக்குச் செல்வதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலும், ஊரிலிருந்து வரும் உறவினரிடமிருந்தும் ஒரே விதமான கேள்விகள் எழுகின்றன. சென்ற மே மாதத்தின் மூன்றாம் வாரம் எங்களுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த வாரமாக அமைந்தது. அந்த ஒரு வாரத்தை முன்னிறுத்தி அந்தக் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை எதற்கு?

வெயிலுக்காகத்தான். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் அடிக்கும் நாட்களில், காலை பத்து மணிக்கு மேல் எங்கள் வட்டாரத்தில் எந்தப் பிள்ளையின் மனமும் புத்தகத்தில் நிற்பதில்லை. இதை நாங்கள் பட்டறிந்தே கற்றுக்கொண்டோம். வீட்டுக் கல்விக்கான பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே 1993-ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே பாடநூல்களை அனுப்பி, விடைத்தாள்களைத் திருத்தித் தரும் நிறுவனங்களும் அங்கு உண்டு. அவர்களுடைய கோடை ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடிவது. முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் அந்த நாட்காட்டியை அப்படியே பின்பற்றி, மே முழுவதும் பாடம் நடத்தி, ஜூலையில் விடுமுறை விட்டோம். மே மாதத்தில் பிள்ளைகளும் நானும் வாடிப்போனோம். ஜூலையில் அவர்களுடன் விளையாட ஊரில் ஒரு பிள்ளையும் இல்லை. எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை வாங்குகிறவர்கள் நாட்காட்டியையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது என்று அன்றே உணர்ந்தோம்.

இருந்தாலும் கணக்கை மட்டும் கோடையிலும் நிறுத்துவதில்லை. ஒரு மாதம் விட்டால் வாய்ப்பாடும் பின்னமும் மறந்துபோய், ஜூன் முழுவதும் பழையதையே திரும்ப ஓட்ட வேண்டியிருக்கிறது. காலையில் நாற்பது நிமிடம் கணக்கு, பிறகு அரைமணி நேரம் வாசிப்பு. கோடையில் மேசையில் உட்கார்ந்து படிக்கும் படிப்பு அவ்வளவே.

அந்த வாரத்தில் அப்படி என்னதான் இருந்தது?

ஐந்தாவது பிள்ளைக்கு, அவனுக்கு வயது எட்டு, ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, அதாவது நற்கருணை என்னும் திரு அப்பத்தை முதன்முறையாக வாங்கும் நாள். மூத்தவளுக்குச் செவ்வாய்க்கிழமை மதுரையில் மேல்நிலைத் தேர்வின் கடைசித் தாள். ஆண்டு முழுவதற்குமான கூழ் வடகத்தைத் திங்களும் புதனும் இரண்டு தவணையாகப் போட்டாக வேண்டும். வியாழக்கிழமை ஆத்தங்குடிக்குப் போவதாக மூன்று மாதங்களுக்கு முன்பே சின்னவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மே மாதம் மாதாவின் வணக்க மாதமாகையால், ஒவ்வொரு மாலையும் மாதா சுரூபம் அன்பியத்தில் ஒரு வீட்டுக்குச் செல்லும். அங்கே கூடிச் செபமாலை சொல்வோம். வெள்ளிக்கிழமை மாலை அது எங்கள் வீட்டுக்கு வருவதாக முறை. சனிக்கிழமை ஒப்புரவும் (பாவசங்கீர்த்தனமும்) ஒத்திகையும்; அன்றைக்கே உறவினர் வந்து இறங்கிவிடுவார்கள்.

இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயத்துக்கும் அதே வாரத்தில் போய்வரலாம் என்று என் கணவர் சொன்னார். 1894-இல் கட்டப்பட்ட கோத்திக் பாணிக் கோயில் அது. பிள்ளைகள் ஒருமுறையேனும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு பயணத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஜூன் மாதம் திரு இருதயத்தின் மாதமாயிற்றே, அப்போது போவதே பொருத்தம் என்று சொல்லித் தள்ளிவைத்தோம்.

இத்தனையும் நடக்கும்போது ஒரு நாளை எப்படி ஒழுங்காக ஓட்டுகிறீர்கள்?

நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்திருக்கிறோம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது மூன்று நாளைக்கு மேல் நிற்பதில்லை. இப்போது நான்கு பொழுதுகளை மட்டும் அசையவிடாமல் வைத்திருக்கிறோம். காலை ஆறு மணி, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு ஆகிய மூவேளைச் செபம் மூன்று. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை படுக்கை நேரம் நான்காவது. உயிர்ப்புத் திருநாளைத் தொடரும் பாஸ்கா காலம் முடியும்வரை மூவேளைச் செபத்துக்குப் பதிலாக, விண்ணக அரசியை விளித்துச் சொல்லும் பாஸ்காச் செபத்தை நின்றபடியே சொல்வது வழக்கம். எங்கள் நான்கு வயதுக்காரிக்கு அல்லேலூயா வரும் அந்தச் செபம்தான் பிடிக்கும். ஆண்டு முழுவதும் அதையே சொல்லலாமா என்று கேட்கிறாள்.

இந்த நான்குக்கும் இடையில் வரும் வேலை அன்றன்றைக்கு ஏற்ப மாறும். காலையில் ஆறு மணிக்குச் செபம் சொல்லிவிட்டால், அதற்கு முன் என்ன நடந்திருந்தாலும், அடுப்பில் கூழ் அடிப்பிடித்திருந்தாலும், குழந்தை இரவெல்லாம் அழுதிருந்தாலும், அந்த இடத்திலிருந்து நாள் முறையாகத் தொடங்கிவிடுகிறது. தொலைந்துபோன காலைப் பொழுதை நண்பகல் செபத்தில் மீட்டுக்கொள்ளலாம். அட்டவணையில் ஒன்று தவறினால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே தவறும். இதில் அப்படி ஆவதில்லை.

மதியப் படுக்கை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் தூங்கியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லாரும் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாக வேண்டும், பேசக் கூடாது. பெரியவர்கள் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரங்களும் தடித்த சுவர்களும் இருப்பதால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வெளியைவிட வெக்கை குறைவு. ஆட்களும் விருந்தும் கூடிய வாரத்தில் பல வீடுகளில் முதலில் வெட்டப்படுவது இந்த ஓய்வுதான். நாங்கள் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டுவதில்லை. மதியம் படுக்காத பிள்ளை மாலைச் செபமாலையில் மூன்றாம் மறையுண்மைக்கே, அதாவது பாதியிலேயே, சிணுங்கத் தொடங்கும் என்பது எங்களுக்கு அனுபவம்.

வடகம் போடுவதைப் படிப்பு என்று சொல்வது ஏமாற்று இல்லையா?

நியாயமான கேள்வி. வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் படிப்பு என்று பெயரிட்டுக்கொண்டால், பிள்ளைகளை வேலை வாங்கிக்கொண்டு கற்பித்ததாக நாமே நம்பிவிடுவோம். பாத்திரம் கழுவுவது பாத்திரம் கழுவுவதுதான். அதைச் செய்வது கடமை. அதற்குப் பாடம் என்ற பெயர் வேண்டாம். ஆனால் ஒரு வேலைக்குள் உண்மையான கேள்வி ஒன்று இருந்து, அதைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கேட்கும்போது, அங்கே நின்று பதில் தேடுவது படிப்புதான்.

திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கு நானும் அப்பத்தாவும் கூழ் காய்ச்சினோம். ஒரு பங்கு அரிசி மாவுக்கு ஆறு பங்கு தண்ணீர். மாவு வெந்து, துடுப்பைத் தூக்கினால் கூழ் கண்ணாடிபோல் மினுங்கி இழையாக விழ வேண்டும். அதன் பிறகு உப்பும், அரைத்த பச்சைமிளகாயும், சீரகமும், கடைசியில் எலுமிச்சைச் சாறும். நாலாவது பிள்ளையான மகள், வயது பத்து, கூழை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பே போதவில்லை என்றாள். அப்பத்தா, "காயட்டும்த்தா, அப்புறம் சொல்லு" என்றார்கள். மொட்டைமாடியில் பழைய வேட்டிகளை விரித்துக் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றினோம். அவள் அதில் ஒரே ஒரு வடகத்தைத் தனியாக ஒரு தட்டில் ஊற்றி, சமையல் தராசில் வைத்து எடை பார்த்து எழுதிக்கொண்டாள்: 14 கிராம். மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு அதே வடகம் 2 கிராம்தான் இருந்தது. உப்பு எங்கேயும் போகவில்லை, தண்ணீர்தான் போயிற்று, ஆகவே அதே உப்பு ஏழில் ஒரு பங்கு எடைக்குள் வந்துவிட்டது என்பதை அவளே காகிதத்தில் போட்டுக் காட்டினாள். விகிதம் என்ற பாடத்தைப் பிப்ரவரியில் நான் இரண்டு வாரம் நடத்தியும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது.

ஆத்தங்குடியில் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள்?

பூக்கல் போடுவதை. எங்கள் வீட்டுத் தரையிலேயே பழைய ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. தினமும் அதைத் துடைக்கிற பிள்ளைகள் அது எப்படி உருவாகிறது என்று பார்த்ததில்லை. ஒரு கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாடு உள்ள உலோக அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கல்லின் பளபளப்பு அது படிந்திருந்த கண்ணாடியிலிருந்து வருவது. வேலை செய்த ஐயா அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வதை எங்கள் எட்டு வயதுக்காரன் கவனித்துச் சொன்னான்; அதன் பிறகு நாங்கள் எல்லாருமே அந்தக் கணத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

இறுகிய கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார்கள். வடகத்தை எடை பார்த்த மகள் அங்கே நின்றுவிட்டாள். வடகம் தண்ணீரை இழந்து கெட்டியாகிறது, இந்தக் கல் மட்டும் தண்ணீருக்குள் கிடந்து எப்படிக் கெட்டியாகும் என்று கேட்டாள். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. இடையிலேயே உலர்ந்துவிட்டால் வலுக் குறைந்துபோகும் என்று என் கணவர் விளக்கினார். அந்த வாரத்தில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது அவளுடைய அந்தக் கேள்விதான்.

வெவ்வேறு வயதில் ஏழு பேருக்கு ஒருவரே எப்படிக் கற்பிக்க முடியும்?

ஒருவர் கற்பிப்பதில்லை. கணக்கும் தமிழும் ஆங்கிலமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. வரலாறு, இயற்கை, திருவிவிலியம், புனிதர் வரலாறு ஆகியவற்றை எல்லாருக்கும் சேர்த்து ஒருமுறை வாசித்து, ஒவ்வொருவரும் தம் வயதுக்கேற்பத் தம் வாயால் திருப்பிச் சொல்வது எங்கள் முறை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று இயேசு சபைக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்டு உயிர்நீத்த வரலாற்றை அந்த வாரத்தில் வாசித்தோம். அவருடைய இரத்தத்தால் சிவந்ததாகச் சொல்லப்படும் செம்மண்ணைப் பற்றி மட்டும் நான்கு வயதுக்காரி சொன்னாள். பதினைந்து வயதுக்காரன் மறவர் சீமையின் அரசியலைச் சொன்னான். மாலையில் வெளிச்சம் இருக்கும்வரை, எங்கள் செட்டிநாட்டுச் சீமையின் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் இயேசு காவியத்திலிருந்து ஒரு பகுதியை மூன்றாமவள் உரக்க வாசிப்பாள். புரியாத சொல்லை அப்பத்தாவிடம் கேட்போம்.

பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஆனால் பெரிய குடும்பங்களில் நடக்கும் ஒரு தவற்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். மூத்த பெண்பிள்ளைகளைச் சின்னத் தாய்களாக ஆக்கிவிடுகிறோம். மூத்தவன் கிரிக்கெட் ஆடப் போகிறான், மூத்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்னொரு பிள்ளைக்குப் பொறுப்பேற்பதில்லை என்று விதி வைத்திருக்கிறோம். தேர்வு இருந்த வாரத்தில் மூத்தவள் சமையலறைப் பக்கமே வரவில்லை; பதினைந்து வயது மகன் காலைப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

புதுநன்மைக்கு வீட்டிலேயே தயாரிக்கலாமா? பங்குத்தந்தை ஒப்புக்கொள்வாரா?

தயாரிக்கலாம் என்பதைவிட, அது முதலில் பெற்றோரின் கடமை என்றே திருச்சபை சொல்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 914-ஆம் எண், புத்தி விவரம் தெரிந்த பிள்ளைகளை நற்கருணைக்குத் தகுந்தவாறு தயாரிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமும் அவர்களுடைய இடத்தில் இருப்போரிடமும் முதன்மையாக வைத்து, பங்குத்தந்தைக்கும் அந்தக் கடமை உண்டு என்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நற்கருணை தரலாமா என்ற ஐயத்தை 1910-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பத்தாம் பயஸ் தீர்த்துவைத்தார். ஏறத்தாழ ஏழு வயதில், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த பிள்ளைக்குத் தரலாம் என்று அவர் காலத்தில்தான் வகுக்கப்பட்டது.

ஆனால் தனித்து நிற்பது நல்லதன்று. நாங்கள் ஜனவரியிலேயே பங்குத்தந்தையிடம் போய், வீட்டில் என்ன கற்பிக்கிறோம் என்று நோட்டைக் காட்டினோம். அவர் பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பார்த்தார். பங்கின் மறைக்கல்வி வகுப்புக்கும் ஞாயிறுதோறும் அவன் வர வேண்டும் என்றார், அனுப்பினோம். மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று அவன் நற்கருணை வாங்கப்போகிறான். அவர்களோடு பழகாமல் அந்த வரிசையில் நிற்பது சரியாக இருக்காது.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. அவனுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. நற்கருணையைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டுமா என்பது ஒன்று. அப்பத்தாவின் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மென்று உண்பதில் பாவம் எதுவும் இல்லை, வணக்கத்தோடு உண்டால் போதும் என்று பங்குத்தந்தை அவனிடமும் அப்பத்தாவிடமும் சேர்த்தே சொன்னார். மறதியாய் ஏதேனும் தின்றுவிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. நற்கருணைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து எதுவும் உண்ணக் கூடாது, தண்ணீரும் மருந்தும் விலக்கல்ல என்பது விதி. வீட்டில் பலகாரம் வேகும் நாளில் ஒரு சிறுவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. அவனுடைய அக்காமார் இரண்டு பேர் ஞாயிறு காலை அவனோடு சேர்ந்து எழுந்ததிலிருந்தே எதுவும் உண்ணாமல் இருந்தார்கள். அப்படி இருக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

புதுநன்மைச் சட்டையை மூத்தவளே தைத்தாள். செவ்வாய் தேர்வு முடிந்து மதுரையிலிருந்து இரவு திரும்பியவள், புதன்கிழமை காலையில் துணியை வெட்டி, வெள்ளிக்குள் காஜா எடுத்து முடித்துவிட்டாள்.

கத்தோலிக்கப் பள்ளிகள் இத்தனை இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டு இது ஏன்?

பள்ளிகள் மீது எங்களுக்குக் குறை இல்லை. என் கணவர் குருக்கள் நடத்திய பள்ளியில் படித்தவர். இன்றும் அதை நன்றியோடு நினைப்பவர். பெற்றோர் தம் பிள்ளைகளைக் கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் ஒப்படைக்க வேண்டும் என்றே 798-ஆம் சட்டம் சொல்கிறது. அது இயலாதபோது பள்ளிக்கு வெளியே அதற்குத் தகுந்த ஏற்பாட்டைச் செய்வது பெற்றோரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கூறுகிறது. ஆகவே வீட்டுக் கல்வி திருச்சபைக்குப் புறம்பானது அன்று. எல்லாரும் இதைச் செய்தாக வேண்டும் என்பதும் அன்று.

எங்கள் காரணம் எளியது. மூத்தவள் இரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பள்ளிக்குச் சென்றாள். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள். அவளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்பது ஆண்டு முடியும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கோடையில் தினமும் ஒரு மணி நேரம் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்; ஜூலைக்குள் படிக்கத் தொடங்கிவிட்டாள். பள்ளி திறந்தபோது அனுப்ப மனம் வரவில்லை.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா? சான்றிதழுக்கு என்ன செய்வது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் பத்தாம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் பிரிவும் அதில் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். யாரேனும் "எல்லாம் சட்டப்படி சரி" என்று ஒரே வரியில் சொன்னால் நம்ப வேண்டாம்.

தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அது மத்திய அரசின் கல்வி வாரியம். 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. மூத்தவள் பத்தாம் வகுப்பை மூன்று தவணையாக எழுதி முடித்தாள். இரண்டாமவன் வரும் அக்டோபரில் தொடங்குகிறான். ஏப்ரல்-மே தேர்வு நம் ஊர்க் கோடையோடும் கோயில் திருவிழாக்களோடும் மோதுகிறது. கடினமான பாடங்களை அக்டோபருக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவின் பங்கு என்ன?

மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கோடையில் கிணறு வற்றி, மின்னழுத்தமும் குறைந்து, எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாக வரும். அவருக்கு ஆண்டில் ஓய்வே இல்லாத மாதம் அது. ஆகவே பகலில் அவரை எதிர்பார்க்க முடியாது. இரண்டாமவன் மாலை நாலு மணிக்கு மேல் பட்டறைக்குப் போய்ச் செப்புக் கம்பிச் சுற்றுகளை எண்ணிச் சுற்றப் பழகுகிறான்; எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறிவிடும் என்பதால் அங்கே கவனம் தானாக வந்துவிடுகிறது. இரவில் மறைக்கல்வியும் அடுத்த நாள் கணக்கும் அப்பாவின் பொறுப்பு.

பிள்ளைகள் நாலு பேரோடு பழக வேண்டாமா?

பீடச் சிறுவர் குழு, பங்கின் விடுமுறை விவிலிய வகுப்பு, தெருப் பிள்ளைகள், பட்டறைக்கு வருகிறவர்கள், மாலைதோறும் ஒரு வீட்டுச் செபமாலை. பழக்கத்துக்குக் குறைவில்லை.

கைபேசி?

வீட்டில் இரண்டு, இரண்டும் பெரியவர்களுடையவை. பாடத்துக்கான காணொளி என்றால் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் பார்க்கலாம்.

உங்களுக்குக் கோபமே வருவதில்லையா? களைப்பு?

வருகிறது. அந்த வாரத்தில் புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் இரண்டாம் தவணை வடகம் ஊற்றியாயிற்று. மூத்தவள் தையலில் இருந்தாள். நான் வெள்ளிக்கிழமைக்காக முகப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படியும், வானம் இருண்டால் மாடிக்கு ஓடும்படியும் பன்னிரண்டு வயது மகளிடம் சொல்லியிருந்தேன். நாலு மணிக்குக் கோடை மழை ஒரே கொட்டாகக் கொட்டியது. அவள் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வேட்டி வடகமும் கரைந்து கூழாகிவிட்டது. இரவுக்குள் புளித்த வாடை வந்தது. பக்கத்து வீட்டு மாட்டுக்குத்தான் போயிற்று.

அவளை நான் கடுமையாகப் பேசினேன். அவள் பதில் பேசாமல் நனைந்த வேட்டிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டாள். அப்பத்தா என்னைத் தனியே அழைத்து, "ஒரு பிள்ளைகிட்ட ரெண்டு வேலையச் சொன்னது நீதானம்மா" என்றார்கள். அது உண்மை. பிள்ளைகள் மேல் பொறுப்பை ஏற்றிவிடக் கூடாது என்று நான் வைத்த விதியை நானே மீறியிருந்தேன். அன்று செபமாலைக்குப் புறப்படுமுன் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது சரியன்று என்று நினைக்கிறேன். அந்த ஆண்டுக்கு எங்களுக்கு வடகம் பாதிதான். அது மார்கழிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

களைப்புக்கு மருந்து, செய்யாமல் விடுவதைத் தெரிந்தெடுப்பதுதான். அந்த வாரத்தில் துணிகளுக்குப் பெட்டி போடவில்லை, புதுநன்மைச் சட்டையைத் தவிர. மூன்று இரவுகளுக்கு நீராகாரமும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும்தான் உணவு.

விருந்துக்கு எப்படிச் சமாளித்தீர்கள்?

நாற்பது பேர். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு வளவிலேயே பந்தி. கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்துவிட்டதால் காலையில் அப்பத்தாவும் என் நாத்தனாரும் அதை வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டிவிட்டார்கள். மற்றச் சமையலுக்கு ஒருவரை வைத்துக்கொண்டோம். அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. அன்று காலை கோயிலில் அவன் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான். அவன் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டி, தேவைக்கு மேல் உரத்த குரலில் "ஆமென்" என்றான். இருக்கைக்குத் திரும்பியதும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை.

ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

வரலாம். வீட்டுக் கல்வியைத் தொடங்க நினைக்கிற குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து ஒரு முழு நாள் இருந்து பார்ப்பது நல்லது. காலை ஆறு மணிச் செபத்துக்கே வந்துவிட்டால் கணக்குப் பாடத்தையும் பார்க்கலாம். மே மாதத்தில் வந்தால் மாடியில் ஏதேனும் காய்ந்துகொண்டிருக்கும். மழை வந்தால் நீங்களும் ஓடிவர வேண்டியிருக்கும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கதவு சாத்தியிருக்கும்; உங்களுக்கும் ஒரு பாய் உண்டு.